மலிவு ரைஃபிளுக்கு ஒரு 1-6 ஸ்கோப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் எங்கள் வட்டத்தில் யாராவது முதல் ரைஃபிள் வாங்கினால், அடுத்த வாரமே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடும். "அண்ணா, இந்த ஸ்கோப் ஓகேவா?" படத்தில் இருப்பது பெரும்பாலும் ரூகர் ஏஆர்-556 மாதிரி மலிவு ஏஆர்-15 வகை ரைஃபிள். அதன் தலையில் ஏற்ற நினைக்கும் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மட்டும் 70 டாலரில் தொடங்கி 1000 டாலர் வரை எதுவாகவும் இருக்கும். ஒரே பதிலை எத்தனை தடவைதான் தட்டுவது? அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவர் பெரிய பெருக்கத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது. பெருக்கத்தை ஒன்றில் (வெறும் கண் அளவில்) வைக்கும்போது கண் சிரமப்படாத கண்ணாடிக்கும், அதைத் தாங்கும் மவுண்டுக்கும், மிச்சத்தைத் தோட்டாவுக்கும் கொடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தச் சாய்விலிருந்து வருபவைதான்.

எல்பிவிஓ, எல்பிவிஓ என்கிறார்களே, அது என்ன? 3-9 ஸ்கோப்பிலிருந்து எப்படி வேறு?

'லோ பவர் வேரியபிள் ஆப்டிக்' என்பதன் சுருக்கம். பெருக்கம் ஒன்றில் தொடங்கி 4, 6, 8 அல்லது 10 வரை போகும் ஸ்கோப். ஒன்று என்றால் வெறும் கண்ணால் பார்க்கும் அளவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தபடியே குறி பார்க்கலாம், ஓடும் காட்டுப்பன்றியைத் தொடரலாம். வளையத்தைத் திருப்பினால் 150 யார்டு தள்ளி வேலி ஓரம் நிற்பது பன்றியா, பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியா என்று தெரியும். எனக்கு இந்த இரண்டாவது காரியம்தான் முக்கியம். குறி பார்ப்பதற்கு முன்னால் என்ன என்று அடையாளம் தெரிய வேண்டும். (அதற்காகத் தெரியாத எதையும் ஸ்கோப் வழியே துழாவிப் பார்க்காதீர்கள். ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். தேடுவதற்குத் தனியாக ஒரு பைனாகுலர் போதும்.)

3-9 ஸ்கோப் மான் வேட்டைக்கு அருமையானது. ஆனால் மூன்றுக்குக் கீழே இறங்காது. இருபது யார்டில் புதருக்குள்ளிருந்து ஏதாவது பாய்ந்தால் கண்ணாடி முழுக்க ரோமம்தான் தெரியும்.

இந்த வகை ஒன்றும் புதிதல்ல. ஐரோப்பாவில் ஆட்களை விட்டுக் காட்டுப்பன்றியை விரட்டி வேட்டையாடுபவர்கள் 1-4 அளவு ஸ்கோப்பை நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் த்ரீ-கன் (ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி மூன்றாலும் சுடும்) போட்டிக்காரர்கள் வழியாகப் பரவியது. பிறகு ராணுவமும் வந்தது. 2020இல் மரைன் படை தன் ரைஃபிள்களுக்கு டிரிஜிகான் நிறுவனத்தின் 1-8 ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. அது எல்லாம் ஆயிரக்கணக்கான டாலர் சமாச்சாரம், நம் கதை வேறு.

ரெட் டாட் போதாதா?

ரெட் டாட் என்றால் பெருக்கம் இல்லாமல், கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் கருவி. 50 யார்டுக்குள்ளேதான் எல்லாம் என்றால் போதும். எடை சுமார் 100 கிராம், பேட்டரி வருடக்கணக்கில் ஓடும், கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி தெரியும். எல்பிவிஓ மவுண்டோடு சேர்த்தால் 600, 700 கிராம் ஆகிவிடும். மலிவான, இலேசான ரைஃபிள் என்று வாங்கியது திடீரென்று தலைகனத்துப் போகும்.

ஆனால் நம் ஆட்களில் கண்ணாடி போடாதவர் யார்? அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை உள்ள கண்ணுக்கு ரெட் டாட்டின் புள்ளி புள்ளியாகத் தெரியாது. வால் முளைத்து, மத்தாப்பூ மாதிரி சிதறித் தெரியும். புள்ளி கெட்டுவிட்டது என்று நினைத்து ரெட் டாட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எல்பிவிஓவில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும், டயாப்டர் வளையத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி கூர்மையாக்கிக்கொள்ளலாம். பேட்டரி செத்தாலும் கறுப்புக் கோடு அப்படியே இருக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் போன் கேமராவை ரெட் டாட் வழியே பிடித்துப் பாருங்கள். கேமராவில் வட்டமாகவும் உங்கள் கண்ணுக்குச் சிதறலாகவும் தெரிந்தால் குறை கருவியில் இல்லை.

1-4, 1-6, 1-8, 1-10... எது வாங்க?

500 டாலருக்குக் கீழே என்றால் 1-6. 250க்குக் கீழே என்றால் 1-4. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

காரணம் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு. ஸ்கோப்பின் முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 24 மி.மீ. கண்ணாடியை ஆறில் வைத்தால் 4 மி.மீ. எட்டில் 3 மி.மீ. பத்தில் 2.4 மி.மீ. அந்தி நேரத்தில் நம் கண்மணி 5, 6 மி.மீ. விரிந்திருக்கும். பன்றி வெளியே வருவதும் அதே அந்தியில்தான். பத்துக்குத் திருப்பினால் படம் பெரிதாகும், கூடவே இருட்டும் பெரிதாகும். அதே 1-6 ஸ்கோப்பை ஆறிலிருந்து நான்குக்கு இறக்கினால் ஒளிக்கற்றை 6 மி.மீ. ஆகிவிடும், படம் பளிச்சென்று திறக்கும். இதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை. செலவில்லாத வித்தை, செய்து பாருங்கள்.

ஒளிக்கற்றை சிறுத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கண்ணைச் சரியாக அந்த இடத்தில் வைக்காவிட்டால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பிறை விழும். மலிவு 1-8, 1-10 ஸ்கோப்புகளில் உச்சப் பெருக்கத்துக்குப் போனால் தலையை ஒரு மயிரிழை அசைத்தாலும் படம் காணாமல் போகும். பெருக்க விகிதம் கூடக் கூட உள்ளே வைக்கும் லென்ஸ்களின் வேலையும் கடினமாகும். 300 டாலரில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது, எங்கேயாவது கைவைத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் கைவைக்கும் இடம் ஒன்றில் தெரியும் படம்தான். அதற்காகத்தானே இந்த வகை ஸ்கோப்பையே வாங்குகிறோம்?

மொத்தம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஸ்கோப்புக்கு 200 முதல் 350 டாலர், மவுண்டுக்கு 80 முதல் 130. பெட்டியோடு மவுண்டும் சேர்த்து 90 டாலர் என்று வருவதைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். என் முதல் ஸ்கோப் 70 டாலர். மூன்றாவது சனிக்கிழமை ரேஞ்சில் தோட்டா பலகையிலேயே விழவில்லை. நான் சுடத் தெரியாதவன் என்று நினைத்து இன்னும் 60 தோட்டாவைத் தொலைத்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்த பெரியவர் எழுந்து வந்து ஸ்கோப்பைப் பிடித்து லேசாக உலுக்கினார். உள்ளே கலகலவென்றது. தொலைந்த தோட்டாவின் காசையும் சேர்த்தால் அது மலிவு ஸ்கோப்பே இல்லை.

முதல் குவியத் தளம், இரண்டாம் குவியத் தளம் என்கிறார்கள். எது நல்லது?

குறிக்கோடு, அதாவது ரெட்டிக்கிள், ஸ்கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

எஃப்எஃப்பி (முதல் குவியத் தளம்) என்றால் பெருக்கத்தோடு சேர்ந்து கோடும் வளரும், சுருங்கும். கோட்டில் உள்ள அளவுகள் எந்தப் பெருக்கத்திலும் உண்மையாக இருக்கும். எஸ்எஃப்பியில் (இரண்டாம் குவியத் தளம்) கோடு எப்போதும் ஒரே அளவில் தெரியும். ஆனால் அதன் அளவுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு, 100 யார்டில் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆறில் 5 எம்ஓஏ காட்டும் கோடு, மூன்றில் வைத்தால் 10 எம்ஓஏ ஆகிவிடும். 100 யார்டில் 5 அங்குலம் என்று நினைத்துப் பிடிப்பீர்கள், 10 அங்குலம் தள்ளிப் போகும்.

கேட்டவுடன் எஃப்எஃப்பிதான் உயர்ந்தது என்று தோன்றும். நான் மலிவு விலையில் எஸ்எஃப்பியைத்தான் சொல்வேன். எஃப்எஃப்பி ஸ்கோப்பை ஒன்றில் வைத்தால் கோடு சிலந்தி நூலாக இளைத்துவிடும். அதை ஈடுகட்ட, கோட்டை உச்சி வெயிலிலும் தெரியும் அளவுக்கு ஒளிரவைக்கும் விளக்கு ஸ்கோப்புக்குள் வேண்டும். அந்த விளக்குதான் விலையுயர்ந்த சரக்கு. விளக்கும் மங்கல், கோடும் மெலிசு என்றால் கிட்டத்தில் எதை வைத்துக் குறி பார்ப்பது? தவிர, கோட்டில் உள்ள அளவு தேவைப்படும் தூரத்துக்குச் சுடும்போது எப்படியும் உச்சத்தில்தான் வைத்திருப்பீர்கள்.

ரெட்டிக்கிளில் என்ன பார்க்க வேண்டும்?

விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பில் தெளிவாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் ஒரு பெரிய வளையமோ குதிரைலாடமோ, அதற்குள் ஒரு சின்னப் புள்ளியோ அம்புமுனையோ இருந்தால் கிட்டத்தில் கண் தானாகவே நடுவுக்குப் போகும். பிரைமரி ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ஏசிஎஸ்எஸ் வகை இப்படித்தான். கீழே 300, 400 என்று தூரத்துக்கான படிகளும் இருக்கும்.

அந்தப் படிகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை ஒரு குறிப்பிட்ட தோட்டா, ஒரு குறிப்பிட்ட வேகம் என்று வைத்துப் போட்டவை. உங்கள் குழல் 16 அங்குலமா, 10.5 அங்குலமா, தோட்டாவின் எடை 55 கிரெயினா, 77 கிரெயினா என்பதற்கேற்ப மாறும். அந்தத் தூரங்களில் ஒருமுறை சுட்டுப் பார்த்து, வித்தியாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டாக்கில் (தோளில் பதியும் கட்டை) ஒட்டி வையுங்கள்.

விளக்கு பகலில் தெரியவில்லை. ஸ்கோப் கெட்டதா?

இல்லை. 300 டாலர் வட்டாரத்தில் பெரும்பாலானவை அப்படித்தான். டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் அவை தோற்றுப்போகும். மர நிழலிலும் அந்தியிலும் வேலைக்கு ஆகும். கறுப்புக் கோடு நன்றாக இருந்தால் இது பெரிய குறையில்லை. சிஆர்2032 பேட்டரி ஒன்றைக் கைப்பிடிக்குள் போட்டு வையுங்கள், அணைக்க மறந்துவிடுவீர்கள்.

மவுண்டில் என்ன இருக்கிறது? எதுவானாலும் பிடிக்காதா?

நான் தீர்த்துவைத்த "ஸ்கோப் சரியில்லை" வழக்குகளில் பாதிக்கு மேல் மவுண்ட் வழக்குகள்தான்.

ஏஆர் ரைஃபிளுக்கு முன்னோக்கி நீண்டிருக்கும் ஒரே துண்டு மவுண்ட் வேண்டும், கேன்டிலீவர் என்பார்கள். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே மூன்றரை, நான்கு அங்குலம் இடைவெளி தேவை. தனித்தனி வளையம் போட்டால் முன் வளையம் ரிசீவரை (ரைஃபிளின் நடு உடல்) தாண்டி, குழலைச் சுற்றியுள்ள கைக்காப்பின் ரெயிலில் (மேலே உள்ள தண்டவாளம்) உட்காரும். அப்படி உட்கார வைக்கவே கூடாது. கைக்காப்பு சூட்டிலும் அழுத்தத்திலும் அசையும், அதோடு ஜீரோவும் (குறி பார்க்கும் இடத்திலேயே தோட்டா படும்படி செய்த அமைப்பு) அசையும். குழாய் பெரும்பாலும் 30 மி.மீ. ஒரு அங்குலக் குழாயும் உண்டு, வாங்குமுன் பாருங்கள். உயரம் ரெயிலிலிருந்து குழாயின் நடு வரை ஒன்றரை அங்குலம். இதற்குக் குறைந்தால் ஏஆர் ஸ்டாக்கில் கழுத்தை நெரித்துக் குனிய வேண்டியிருக்கும். ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் மாதிரி, போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள் என்றால் இது எல்லாம் தலைகீழ், தாழ்வான சாதாரண வளையமே சரி.

பூட்டும்போது செய்ய வேண்டியவை. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பாருங்கள். மவுண்டை ரெயிலில் வைத்து, குழல்முனைப் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்தபடி முறுக்குங்கள். ஸ்கோப்பை உச்சப் பெருக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னம் பதிந்த பிறகு கண்ணைத் திறங்கள். படம் முழுதாகத் தெரியும் இடத்துக்கு ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உச்சத்தில் சரியாக அமைந்தால் ஒன்றில் தானாக அமையும். ஒன்றில் வைத்து அமைத்தவர்கள்தான் பிறகு "ஆறில் ஒன்றுமே தெரியலையே" என்று போன் செய்வார்கள். மேல் வளையத் திருகுகள் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு. மவுண்டோடு வரும் தாளில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. அந்த அளவு காட்டும் திருப்புளி 50 டாலருக்குள் கிடைக்கும். கைக்கணக்கில் முறுக்கி குழாயை நசுக்கினால் வாரண்டி பேசப் போனாலும் வெட்கமாக இருக்கும்.

ஒன்றில் வைத்தால் படம் லேசாகப் பெருத்தோ வளைந்தோ தெரிகிறது.

முதலில் டயாப்டர். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்து (சூரியனை அல்ல), கோடு கூர்மையாகும்வரை கண் பக்கத்து வளையத்தைத் திருப்புங்கள். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றிவிடும். ஓரிரு நொடி பார்த்து, கண்ணை விலக்கி, மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் ஓரங்கள் வளைந்தால் அது அந்த விலைக்குரிய லென்ஸ். பழகிவிடும்.

ஜீரோ எத்தனை யார்டில் வைப்பது?

5.56 மி.மீ. தோட்டா சுடும் ஏஆருக்கு 50 யார்டு. ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ 2.6 அங்குலத்தில் இருக்கிறது. தோட்டா கீழிருந்து ஏறி 50இல் குறிக்கோட்டைத் தொடும், 100இல் இரண்டு அங்குலத்துக்குள் மேலே இருக்கும், 200ஐ ஒட்டி மறுபடி கோட்டுக்கு வரும். நடுவில் எங்கே பன்றி நின்றாலும் நடுவில் பிடித்துச் சுடலாம். மிகக் கிட்டத்தில் மட்டும், ஐந்தாறு யார்டில், தோட்டா இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழப் படும்.

தொடக்கத்தில் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியே 25 யார்டு பலகையைப் பாருங்கள். குழல் நடுவில் தெரியும் புள்ளிக்கே ஸ்கோப்பையும் கொண்டுவாருங்கள். பிறகு 25இல் மூன்று தோட்டா. குறிக்கு ஓர் அங்குலம் போலக் கீழே விழுந்தால் 50இல் சரியாக வரும். ஸ்கோப்பின் திருகு ஒவ்வொரு கிளிக்குக்கும் அரை எம்ஓஏ நகர்த்தும் என்றால், 25 யார்டில் ஒரு கிளிக் எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான். பயப்படாமல் பத்து, பதினைந்து கிளிக் திருப்புங்கள். ஜீரோ ஆனதும் மூடியைப் போட்டு மறந்துவிடுங்கள். மலிவு ஸ்கோப்பின் டரெட்டை (அந்தத் திருகை) ஒவ்வொரு தூரத்துக்கும் திருப்பித் திருப்பி விளையாடக் கூடாது.

சரி அண்ணா, பெயரைச் சொல்லுங்கள்.

வோர்டெக்ஸ் ஸ்ட்ரைக் ஈகிள் 1-6×24, பிரைமரி ஆர்ம்ஸ் எஸ்எல்எக்ஸ் 1-6×24. இரண்டில் ஒன்று. கண்ணாடி தெளிவில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஏசிஎஸ்எஸ் குறி பிடித்தால் இரண்டாவது, பிடிக்காவிட்டால் முதலாவது. பணம் அவ்வளவு இல்லை என்றால் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் டூ 1-4×24. இரண்டு நிறுவனத்திலும் ஆயுள் வாரண்டி. வோர்டெக்ஸ் வாரண்டி கைமாறினாலும் கூடவே போகும், ரசீதும் கேட்க மாட்டார்கள். அதனால் அந்தப் பிராண்டைப் பழையதாக வாங்கலாம்.

ஆனால் பழையது வாங்கும்போதும், இணையச் சந்தையில் மூன்றாம் நபரிடம் வாங்கும்போதும் போலியில் மாட்டாதீர்கள். ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கி) விளையாட்டுக்கென்று அச்சு அசலாகச் செய்த நகல்கள் சுற்றுகின்றன. பெரிய பிராண்டு, பாதி விலை, பெட்டி புதுசு என்றால் அதுதான்.

நான் ஹெச்-1பியில் இருக்கிறேன். ஸ்கோப் வாங்கலாமா?

ஸ்கோப் வாங்க எந்தக் காகிதமும் வேண்டாம். பிரச்சினை ரைஃபிளில். ஹெச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. "அப்ப லைசென்ஸ் எதுக்கு?" என்று பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மாநிலத்துக்குத் தேவையில்லாத அந்த அட்டைதான் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறது. அது காலாவதியாகும் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். விசா விஷயம் என்பதால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஊரில் தம்பி ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறான். ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகட்டுமா?

வேண்டவே வேண்டாம். துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. சாக்லேட்டோடு சாக்லேட்டாகச் சூட்கேஸில் வைக்கும் பொருள் அல்ல.

வைத்தாலும் தம்பிக்கு உதவாது. இந்த ஸ்கோப்புகளின் பாரலாக்ஸ் (கண் அசைந்தாலும் குறி நகராத தூர அமைப்பு) பெரும்பாலும் 100 யார்டுக்கு அமைத்து மூடியது, ஏர் ரைஃபிள் சுடும் பத்து மீட்டருக்கு அல்ல. ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளோ ஒரு குண்டுக்கு இரண்டு பக்கமும் உதைக்கும், முதலில் பின்னால், உடனே முன்னால். அந்த முன் உதைக்கென்று செய்யாத ஸ்கோப் அதில் சீக்கிரம் செத்துப்போகும். அவன் பத்து மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான் என்றால் ஸ்கோப்பே கூடாது, அங்கே சின்னத் துளை வழியே குறி பார்ப்பதுதான் விதி. சும்மா தோட்டத்தில் டப்பா சுடுவதற்கென்றால், ஏர் ரைஃபிளுக்கு என்று பெட்டியில் எழுதிய, கிட்டத்துக்குக் குவியம் மாற்றும் வளையம் உள்ள ஸ்கோப்பை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.